காணாமல் போன ஈரோடு

நாமக்கல்லில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே பாமினி எழுத்துருவில்தான். 2002 வாக்கில், 'வெப் டிசைனிங்' என்று போர்டில் ஒரு வரி சேர்த்தேன். பெயின்டருக்குக் கூலி கொடுத்ததைத் தவிர, அந்தத் தொழிலுக்கு நான் வேறு முதலீடு எதுவும் செய்யவில்லை.

கையில் ஃப்ரண்ட்பேஜ் 2000. திரையின் அடியில் மூன்று பொத்தான்கள்: நார்மல், எச்டிஎம்எல், பிரிவியூ. நார்மலில் வேர்டில் அடிப்பதுபோல அடித்துக்கொண்டே போகலாம். எங்கள் ஊர்க் கணக்கில் அது லாரி பாடி. எச்டிஎம்எல் அடியில் கிடக்கும் சேசிஸ். எனக்கு பாடி வேலையே அரைகுறை. ஆனால் பார்ட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் எச்டிஎம்எல்லுக்குத் தாவாமல் இருக்க மாட்டேன். நீலமும் கறுப்புமாய் ஆங்கிலம் ஓடினால்தானே கேட்ட காசு வரும்!

லாரி உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் வந்தார். கிளைகள்: நாமக்கல், ஈரோடு, சேலம். அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரியை எச்டிஎம்எல்லிலேயே தட்டி, அப்படியே சர்வரில் ஏற்றினேன். பிரிவியூவை ஒரு தடவை அழுத்தியிருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். நிபுணன் எதற்கு அதையெல்லாம் அழுத்த வேண்டும்?

மறுநாள் போன். "ஏப்பா, ஈரோட்டுக் கடைய நான் எப்ப மூடுனேன்? மச்சான் கோவிச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

பார்த்தால், "நாமக்கல், சேலம்" என்றிருந்தது. காற்புள்ளி கூட மிச்சமில்லாமல் ஒரு ஊர் போயிருந்தது. அந்தக் கடை மச்சான் பொறுப்பில்; பங்குத் தகராறு வேறு ஓடிக்கொண்டிருந்ததாம்.

"சர்வர் ப்ராப்ளமுங்க" என்றேன். பிறகு 'ஈரோடு' என்று ஃபோட்டோஷாப்பில் ஒரு படம் செய்து ஒட்டினேன். அதையும் எச்டிஎம்எல்லில்தான். படத்துக்கு முகவரியாக என் கம்ப்யூட்டரின் டி டிரைவைக் கொடுத்திருந்தேன். என் கடையில் ஈரோடு ஜம்மென்று நின்றது. அவர் கடையில் அதே இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. மூடியதாகச் சொன்னதே தேவலாம். இப்போது ஊரையே அடித்துவிட்டதாக மச்சான் எடுத்துக்கொண்டார்.

காரணம் பிடிபட்டது ஒரு ஈரோட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது. தற்செயலாய் விரலைப் பார்த்தேன். பாமினியில் 'ஈ' விழுவது கூர் அடைப்புக்குறியின் இடப்பக்கச் சாவியில். காற்புள்ளி விழுவது வலப்பக்கச் சாவியில். எச்டிஎம்எல்லில் கட்டளை தொடங்குவதும் முடிவதும் அதே இரண்டு குறிகளால்தான். நான் அடித்த ஈரோட்டைப் புரியாத ஏதோ கட்டளை என்று நினைத்து, காற்புள்ளியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது பிரவுசர். நார்மலில் அடித்திருந்தால் மென்பொருளே அந்தக் குறியை மாற்றி எழுதிக் காப்பாற்றியிருக்கும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். அதில் 'ஈ' என்றால் ஈதான். தமிழக அரசே 2010இல்தான் அதை ஏற்றது, என் கடைக்கு மட்டும் முன்கூட்டியே வந்துவிடுமா? பாடியையும் சேசிஸையும் ஒரே திரையில் மேலும் கீழுமாகக் காட்டும் வசதியும் ஃப்ரண்ட்பேஜில் 2003 பதிப்பில்தான் வந்தது.

நார்மலுக்குப் போய் அந்த ஒரு சொல்லை அடித்து ஏற்றினேன். ஈரோடு வந்துவிட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டு, "சர்வரையே மாத்திட்டேனுங்க" என்றேன். அதற்குத் தனியாக ஒரு பில்லும் போட்டேன். பணத்தை மச்சான்தான் கொடுத்தனுப்பினார்.