தண்டம் கட்டாத சர்வர்

மாங்கூழ் என்றால் என்ன? காவேரிப்பட்டினத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். பெங்களூரா மாம்பழத்தைக் கழுவி, கொட்டை எடுத்து, கூழாக்கி, காய்ச்சி, டின்னில் அடைத்தால் மாங்கூழ். இந்த ஞானம் டெல்லிக்கு எட்ட ஐந்து வருஷம் ஆனது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1இல். மாங்கூழுக்கு 12 சதவீதம் என்று தெளிவுபடுத்திச் சுற்றறிக்கை வந்தது 2022 ஆகஸ்டில். அதுவரை டேலி கணக்கு மென்பொருளில் எந்த விகிதத்தை ஏற்றுவது என்பதில் ஆடிட்டருக்கு ஆடிட்டர் வேதம் மாறியது. இந்தத் தாமதத்துக்கு டெல்லி எவ்வளவு அபராதம் கட்டியது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். (2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சந்தோஷம்.)

வியாபாரிக்கு ஐந்து வருஷமெல்லாம் கிடையாது. மாதாமாதம் ரிட்டன் போடுகிறவருக்கு 20ஆம் தேதி கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய். சீசன் முடிந்து ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு ரூபாய்க்கும் விற்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? விற்கவில்லை என்று ‘நில்’ ரிட்டனில் தாமதமாகச் சொன்ன குற்றத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். வரி பாக்கி என்றால் 18 சதவீத வட்டி. அதே சர்க்கார் உங்களுக்குத் தர வேண்டிய ரீஃபண்டை இழுத்தடித்தால்? முதல் 60 நாளுக்கு வட்டியே இல்லை. அப்புறமும் 6 சதவீதம்தான். கந்துவட்டிக்காரன்கூட வாங்க ஒரு விகிதம், கொடுக்க ஒரு விகிதம் என்று சட்டப் புத்தகத்தில் அச்சடித்து வைத்துக்கொள்வதில்லை. மாங்கூழைக் கப்பலேற்றி டாலர் கொண்டுவருகிறவர் இந்த 6 சதவீதத்துக்காகத்தான் தவம் கிடக்கிறார்.

கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு இன்னொரு விதி. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் கட்டாயம். ஒரு பில்லில் ஒரு எண்ணைத் திருத்தினாலும் தேதியோடு பதிவாக வேண்டும். அதை அணைக்க வழியே இருக்கக் கூடாது. 2021இலேயே வர வேண்டிய விதி, இரண்டு முறை தள்ளிப்போனது. நல்ல விதிதான். கள்ளக் கணக்கு எழுதுகிறவன் மாட்டட்டும். ஆனால் சர்க்கார் போர்ட்டல் எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது எழுந்தது, எத்தனை பேருடைய ரிட்டனை நடுவழியில் விழுங்கியது என்று நாம் பார்க்க எடிட் லாக் எங்கே?

2018 பிப்ரவரி 1 அன்று, சரக்கு லாரியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கான போர்ட்டல் பிறந்த நாளே மூச்சு முட்டிப் படுத்தது. கட்டாயத்தைத் தள்ளிவைத்தார்கள், ஏப்ரல் 1இல் மறுபடி தொடங்கினார்கள். அதற்குப் பெயர் தொழில்நுட்பக் கோளாறு. ஓசூர் தாண்டிப் போகும் லாரியின் நம்பரில் கிளார்க் ஒரு இலக்கம் தப்பாகத் தட்டினால் அது கோளாறு இல்லை, குற்றம். 2018 செப்டம்பர் சுற்றறிக்கை பெருந்தன்மையோடு அதற்கு 1,000 ரூபாய் விலை வைத்தது. அதற்கு மேல் பிழை என்று ஸ்குவாடு அதிகாரிக்குத் தோன்றினால் ஜிஎஸ்டி சட்டத்தின் 129ஆவது பிரிவு இருக்கிறது: வரியைப் போல இரு மடங்கு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நோட்டீஸை ஒளித்துவைக்கும் கலையைத்தான் பொறுக்க முடியவில்லை. நோட்டீஸ் வீட்டுக்கு வராது. போர்ட்டலில் ‘கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்’ என்று ஒரு மூலை, அங்கே கிடக்கும். பதில் வரவில்லை என்று உத்தரவும் அங்கேயே விழும். பாங்க் கணக்கு முடங்கி, கூலி கொடுக்கச் செக் எழுதும்போதுதான் முதலாளிக்கு விஷயம் தெரியும். இந்தப் புகாரோடு மெட்ராஸ் ஐகோர்ட் படி ஏறியவர்கள் ஏராளம். உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரியுங்கள் என்று கோர்ட் திருப்பி அனுப்பியதும் உண்டு; பல வழக்குகளில், கேட்கும் வரியில் ஒரு பங்கை முதலில் கட்டு என்ற நிபந்தனையோடு. நோட்டீஸை மூலையில் போட்டவருக்கு நிபந்தனை ஏதும் இல்லை.

ஆகவே அடுத்த ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திருத்தம் முன்மொழிகிறோம். போர்ட்டல் படுத்தால், ரிட்டன் போட முடியாத ஒவ்வொரு வியாபாரிக்கும் சர்க்கார் நாளொன்றுக்கு 50 ரூபாய் தர வேண்டும். காலையிலிருந்து இரவு வரை திரையில் சக்கரம் மட்டும் சுற்றி, ஒரு வேலையும் நடக்கவில்லை என்றால் அதை ‘நில்’ கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். 20 ரூபாய் போதும்.