உட்கார இடம்

சென்னை கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்தவரை ஒரு காப்பியை வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டலாம். 2008இல் மூடினார்கள். 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. மரத்தடியில் உட்கார இப்போது டிக்கெட். சரி, தெருமுனை டீக்கடை பெஞ்சாவது மிஞ்சும் என்று இருந்தோம். அதுவும் கபே ஆகிவிட்டது. பெஞ்சை மட்டும் விடவில்லை. ஒரு கால் ஆடும் அதே பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்து, வாசலில் அலங்காரமாக வைத்து, ‘உட்காராதீர்கள்’ என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். டபரா காப்பி 240 ரூபாய். ஆற்றிக் குடித்தால் பக்கத்து மேசைப் பையன் வீடியோ எடுக்கிறான். எங்கள் அரட்டைக் கோஷ்டி இப்போது அடுக்குமாடி வாசலில், வாட்ச்மேன் நாற்காலியைச் சுற்றிக் கூடுகிறது. டீயும் அவர் பிளாஸ்க்கிலிருந்துதான். பாவம், மாலை ஆறு மணிக்கு மேல் அவருக்குத்தான் உட்கார இடமில்லை.