கடலைக்குப் பழகும் குடல்

கேள்வி: சோறும் பருப்பும் உடம்புக்கு அந்நியப் பொருள்தானே? நோய் எதிர்ப்பு மண்டலம் ஏன் அவற்றோடு சண்டைக்குப் போவதில்லை?

பதில்: ஆள் பலம் இல்லாமல் அல்ல. எதிர்ப்பு அணுக்கள் குடலில் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றை அடக்கவும் ஒரு கூட்டம் உண்டு: ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 'விடு, இது சாப்பாடு' என்று சொல்பவை அவைதான். 1995-இல் அவற்றை அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சிக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: இந்தப் பொறுமை பிறவிக் குணமா?

பதில்: செல்கள் பிறவியிலேயே உண்டு. எதைப் பொறுத்துக்கொள்வது என்ற பாடம் தட்டில் விழும் உணவிலிருந்து வருகிறது.

கேள்வி: தாய்ப்பாலுக்கு இதில் என்ன வேலை?

பதில்: தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகள் ஏராளம். அவை குடலில் குடியேறி, இந்தப் பொறுமைக்குத் துணை நிற்பதாகக் கருதப்படும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு. பிள்ளைக்கு மட்டுமல்ல, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே தாய் பாலூட்டுகிறாள். எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

கேள்வி: ஒவ்வாமைக்குப் பயந்து வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2000-இல், ஒவ்வாமை வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு அப்படித் தள்ளிப்போடத்தான் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அதே ஆண்டில் லண்டன் மருத்துவர் கிடியன் லாக்கின் குழு ஒன்றைக் கவனித்தது. பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வளர்பவர்களைவிட சுமார் பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே 'பம்பா' என்ற கடலைத் தின்பண்டம் கைக்கு வந்துவிடுகிறது. லாக் அத்தோடு விடவில்லை. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து வயது வரை கடலை உணவு கொடுக்கச் செய்தார். மறுபாதிக்குத் தவிர்க்கச் சொன்னார். 2015-இல் வந்த முடிவு: தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. பயத்தால் மறைத்துவைத்ததே வினையாகியிருக்கிறது.

கேள்வி: கரப்பானுக்கும் கடலைக்கும் என்ன உறவு?

பதில்: வெடித்த தோல் வழியாகக் கடலைத்தூள் முதலில் நுழைந்தால் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. வாய் வழியாக முந்திக்கொண்டால் உணவாக ஏற்கிறது. லாக்கின் விளக்கம் இது.

கேள்வி: சளி பிடித்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கிறோமே, குடலில் குடியேறிய பாக்டீரியாக்கள் என்னவாகும்?

பதில்: சளிக்குக் காரணமான வைரஸ் அதில் சாகாது. குடலின் நல்ல பாக்டீரியாக்கள் சாகும்.

கேள்வி: கடலைக்கே திரும்புவோம். நாளைக்கே குழந்தையின் கையில் ஒரு பிடி கடலை கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! ஐந்து வயது வரை முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கலாம். ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது, நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொஞ்சமாக ஊட்டுங்கள். ஒத்துக்கொண்டால் நிறுத்தாமல் வாரம் சில முறை கொடுத்து வாருங்கள். கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால், முதல் வாய் ஊட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.