பேய்க்கு இரவு டூட்டி

ஜெய்ப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள், அரண்மனைகள் பார்த்து அலுத்ததும் பாங்கர் கோட்டைக்குக் கார் பிடிக்கிறார்கள். நாட்டிலேயே பேய் அதிகமுள்ள இடம் என்று பேர் வாங்கிய கோட்டை அது. அங்கே நமக்காகவே காத்திருக்கிறார் பேய் கைடு.

நெற்றியில் நீளமாகக் குங்குமம், கழுத்தில் தாயத்து, சட்டைப் பையில் இரண்டு செல்போன். முதல் வேலையாக நம்மைத் தொல்லியல் துறை வைத்த போர்டின் முன் நிறுத்துவார். சூரியன் மறைந்தபின் உள்ளே இருக்கக் கூடாது என்கிறது போர்டு. "பார்த்தீங்களா சார், சர்க்காரே ஒத்துக்கிச்சு!" மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும்தான் ராத்திரி பூட்டிவைக்கிறார்கள். அங்கே எந்தப் பல்லவனும் அலைவதாகப் புகார் வந்ததில்லை. இதைச் சொன்னால் கைடு நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

பிறகு கதை. இளவரசி ரத்னாவதி மேல் ஒரு மந்திரவாதிக்கு மோகம். அவளுக்குப் போகும் வாசனைத் தைலத்தில் வசியம் வைக்கிறான். அவள் விவரமானவள், தைலத்தை ஒரு பாறைமேல் கொட்டிவிடுகிறாள். வசியப்பட்ட பாறை உருண்டு வந்து அவனையே நசுக்க, ஊர் அழியட்டும் என்று சபித்துவிட்டுச் சாகிறான். சரக்கு மாஸ்டர் காரம் கூட்டுவதுபோல, ஆளுக்கேற்ப மோகத்தைக் கூட்டிக் குறைப்பார் கைடு. குழந்தைகள் இருந்தால் மந்திரவாதி கௌரவமாகப் பெண் கேட்டுவிடுவான். கல்லூரிப் பையன்கள் என்றால் தைலக் காட்சியே கால் மணி நேரம் ஓடும். எந்தப் பாறை என்று கேட்டுவிட்டால் சற்றும் தயங்காமல் கை காட்டுவார். ஆரவல்லி மலையடிவாரத்தில் பாறைக்கா பஞ்சம்?

"நீங்க பேயைப் பார்த்திருக்கீங்களா?"

"நான் பார்க்கலை சார். என் மச்சான் பார்த்தான்."

அந்த மச்சானைப் பார்க்கலாமா என்றால், அவன் வேலைக்காக மும்பை போய்விட்டிருப்பான். இந்தத் தொழிலில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு மச்சான் உண்டு. அத்தனை மச்சான்களும் வெளியூரில்தான்.

இதற்குள் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். கோட்டைக்குள் கூரையில்லாத பழைய கடைவீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்ஃபி எடுப்பார்கள். திடீரென்று தோளுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டு நம் வீட்டம்மா அலறினால், அது கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குறிவைத்து வந்த குரங்கு.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. கோட்டைக்குள் இருக்கும் கோபிநாதர் கோயிலின் கல்வேலைப்பாட்டை நின்று பார்க்க ஆசைப்பட்டால், "அது வெறும் கோயில் சார்" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். நாட்டியக்காரிகளின் மாளிகையில் மட்டும் இல்லாத சலங்கைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டச் சொல்வார். உண்மையில், 1573இல் பகவந்த் தாஸ் தன் மகன் மாதோ சிங்குக்காகக் கட்டிய ஊர் இது. அக்பரின் தளபதி மான் சிங்கின் தம்பிதான் இந்த மாதோ சிங். ஊர் காலியானதற்கு 1783இல் வந்த பஞ்சத்தையும் காரணமாகச் சொல்வார்கள். கைடுக்கு இதெல்லாம் தெரியும். மெதுவாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளவும் செய்வார். "பஞ்சத்துக்கு எவன் சார் டிப்ஸ் கொடுப்பான்?"

கடைசியில் பணம் கொடுக்கும்போது நம் ஆள் ஒருவர் முணுமுணுப்பார்: "இவ்வளவு தூரம் வந்தோம், ஒரு பேயைக்கூடக் காட்டலையே?"

"ராத்திரிதான் சார் வரும்."

"ராத்திரிதான் உள்ளே விடமாட்டாங்களே!"

"அதனாலதான் சார், அது இத்தனை வருஷமா பத்திரமா இருக்கு."