ஆல்பர்ட் ஹாலில் ஐலசா

அன்புள்ள பெரியப்பா,

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடை முழுக்க நடக்கிற ப்ராம்ஸ் கச்சேரிகளில், நின்றுகொண்டே கேட்பதற்கென்று தனி டிக்கெட் உண்டு. 2024-இல் அதன் விலை 8 பவுண்டு. மேடைக்கு எதிரே தரைத்தளத்தில் ஒரு கூட்டம் நிற்கும். கூரையை ஒட்டிய கேலரியில் இன்னொரு கூட்டம். ஆட்கள் வந்து பெரிய பியானோவின் மூடியைத் தூக்கும்போது கீழே நிற்பவர்கள் ஒரே குரலில் "ஹீவ்!" என்பார்கள். மேலே இருப்பவர்கள் "ஹோ!" என்று எடுத்துக்கொடுப்பார்கள். கடற்கரையில் படகு தள்ளுகிற நம்மூர் ஐலசாவேதான். சுருதி சேர்க்க பியானோவில் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அதற்கும் கைதட்டல் உண்டு.

வாசிப்பு தொடங்கிவிட்டாலோ, அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். பலே, சபாஷ் எதுவும் கிடையாது. அபிப்பிராயம் முழுவதும் இடைவேளைக்கென்று சேமித்து வைக்கப்படும். ஒரு கையில் ஐஸ்கிரீம் கப், மறு கையில் நிகழ்ச்சிப் புத்தகம், நடுவில் தீர்ப்பு.

யாரும் அதிகம் கேட்டிராத பியானோ கன்செர்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பியானோக்காரர் ஒருவர் வாசிக்கும் பெரிய உருப்படி) வாசிக்கப்படும் நாளில்தான் இந்தத் தீர்ப்புகளுக்கு ருசி அதிகம். சைகோவ்ஸ்கியின் முதல் கன்செர்டோ என்றால் பாதி சபைக்கு அது மனப்பாடம். வாசித்தவரை உரித்துவிடுவார்கள்: ஆரம்பம் இழுவை, கடைசிப் பகுதி ஓட்டம், 1958-இல் வான் கிளைபர்ன் வாசித்தது போல வருமா என்பார்கள். சைகோவ்ஸ்கியைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றாது. 1874 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பியானோ வித்வான் நிகோலாய் ரூபின்ஸ்டைன் மட்டும் சொன்னார். இது வாசிக்கவே லாயக்கில்லாதது என்று கிழித்தார். அடுத்த ஆண்டே மாஸ்கோவில் அதே கன்செர்டோவுக்கு ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவரும் அவர்தான்!

அபூர்வ உருப்படி வந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். வாசித்தவர் மாவீரர், பழி முழுக்க எழுதியவர் தலையில். 2024-இல், இசையமைப்பாளர் புசோனி இறந்து நூறாண்டு ஆனதையொட்டி, அவருடைய பியானோ கன்செர்டோவை ப்ராம்ஸில் பெஞ்சமின் க்ரோவ்னர் வாசித்தார்; எட்வர்ட் கார்ட்னர் நடத்தினார். ஐந்து பகுதிகள், 70 நிமிடங்களுக்கு மேல். கடைசிப் பகுதிக்கு மட்டும் ஆண்கள் கோரஸ் ஒன்று வேண்டும். அதுவரை அவர்களுக்கு வேலையே இல்லை. அந்தக் கோரஸ் சபையோர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று வேறு புசோனி ஆசைப்பட்டார். 1904-இல் பெர்லினில் அவரே பியானோவில் உட்கார்ந்து இதை அரங்கேற்றியபோது பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. இன்றைக்கும் இதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இரண்டு கட்சி. "இமயமலை ஏறி இறங்கின மாதிரி இருந்தது" என்கிறது ஒரு கட்சி. "அத்தனை பாடுபட்ட பியானோக்காரருக்கு வாய்விட்டுப் பாட ஒரு நல்ல மெட்டு கொடுத்தானா அந்த மனுஷன்? மெட்டையெல்லாம் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்துவிட்டு இவரை ஜோடனை போட வைத்திருக்கிறான்" என்கிறது மற்றது. க்ரோவ்னர் சரியாக வாசித்தாரா என்ற பேச்சை எந்தக் கட்சியும் எடுப்பதில்லை. தப்பு வந்தாலும் கண்டுபிடிக்க வேண்டுமே!

இந்த மாதிரி மறந்துபோன கன்செர்டோக்களைத் தேடித் தேடிக் கேட்கிறவர்கள் இங்கே ஒரு தனி ஜாதி. அவர்களுக்குத் தீனி போட்ட சிடி கம்பெனி ஹைபீரியன். 1980-இல் இதைத் தொடங்கிய டெட் பெர்ரி, கையில் காசு போதாமல் மினிகேப் ஓட்டி அந்த வருமானத்தில் கம்பெனியை நடத்தினார். 1991-இல் ஹைபீரியன் ரொமான்டிக் பியானோ கன்செர்டோ என்று ஒரு வரிசையை ஆரம்பித்தது. முதல் சிடியில் மொஷ்கோவ்ஸ்கியும் பதெரெவ்ஸ்கியும் எழுதிய கன்செர்டோக்கள். இந்தப் பதெரெவ்ஸ்கி 1919-இல் போலந்துக்குப் பிரதமராகி, வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர். அவ்வளவு செல்வாக்கு இருந்தும் கச்சேரி மேடையில் அவருடைய கன்செர்டோவுக்குச் சிபாரிசு எடுபடவில்லை. வரிசை 80 சிடிகளைத் தாண்டிவிட்டது. கம்பெனியை 2023-இல் யூனிவர்சல் வாங்கிவிட்டது.

ஒவ்வொரு சிடிக்கும் ரசிகர்கள் கையில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். "இப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தை எப்படி மறந்தார்கள்!" என்பது ஒன்று. "மறந்தவர்கள் முட்டாள்கள் இல்லை" என்பது இன்னொன்று. முதல் பகுதி முடியும்போது முன்னதையும் மூன்றாம் பகுதி முடியும்போது பின்னதையும் ஒரே ஆள் சொல்வதும் உண்டு.

அதே உருப்படிக்கு இரண்டாவது ஒலிப்பதிவு ஒன்று வந்துவிட்டால் போதும், வழக்கு சூடு பிடித்துவிடும். ஷார்வென்கா என்ற இசையமைப்பாளரின் முதல் கன்செர்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். எர்ல் வைல்ட் என்ற அமெரிக்கப் பியானோக்காரர், ஷார்வென்காவின் சீடர் ஒருவரிடம் சிறுவயதிலேயே அதைப் பாடம் பண்ணியவர். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் எரிக் லைன்ஸ்டார்ஃப் அதைப் பாஸ்டனில் பதிவு செய்ய அவரைக் கூப்பிட்டபோது, இப்படி ஒருவர் கேட்பார் என்று நாற்பது வருஷமாகத் தொலைபேசி பக்கத்திலேயே காத்திருப்பதாகச் சொன்னாராம். 1969-இல் பதிவானது. பின்னாளில் ஹைபீரியன் வரிசையில் மார்க்-ஆந்த்ரே ஹாம்லினும் வாசித்தார். அவ்வளவுதான், ரசிகர்கள் பிரிந்தார்கள். வைல்டிடம் நெருப்பு, ஹாம்லினிடம் சுத்தம் என்று ஒரு பக்கம். நெருப்பென்ன நெருப்பு, வெறும் புகை என்று எதிர்ப்பக்கம். ஒப்பிட ஆள் கிடைத்ததும் ஷார்வென்கா தப்பித்தார், பழி வாசிப்பவர் பக்கம் நகர்ந்தது.

பெரியப்பா, நம் நாட்டுச் சம்பந்தமுள்ள விஷயம் இனிமேல்தான். நிகோலாய் மெட்னர் என்ற ரஷ்ய இசையமைப்பாளர், ரக்மானினாஃபின் சிநேகிதர், 1930-களில் லண்டனுக்கு வந்து கோல்டர்ஸ் க்ரீனில் குடியிருந்தார். காசுமில்லை, கேட்பாருமில்லை. போருக்குப் பின் அவருடைய இசையைப் பதிவு செய்யப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார்! ஸ்ரீவித்யா முத்திரையோடு கீர்த்தனைகள் இயற்றியவர், 1964 முதல் 1966 வரை நம் மதராஸின் கவர்னராக இருந்தவர், அவரேதான். முப்பது வயதைக்கூடத் தொடாத மகாராஜாவின் செலவில், நோயாளியான மெட்னர் தம் மூன்று கன்செர்டோக்களையும் பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு எச்.எம்.வி.க்கு வாசித்துக் கொடுத்தார். மூன்றாவது கன்செர்டோவை மகாராஜாவுக்கே சமர்ப்பணம் செய்தார்.

எழுதியவரே வாசித்திருப்பதால் சண்டை ஓய்ந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. "இதற்கு மேல் அத்தாட்சி ஏது?" என்று சிலர். "கிழவருக்கு உடம்பு முடியவில்லை, ஆர்கெஸ்ட்ராவோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது, பியானோக்காரர் டெமிடென்கோ வாசித்த பிறகுதான் மெட்னர் என்ன எழுதினார் என்றே புரிந்தது" என்று சிலர். ஜெஃப்ரி டோஸர் வாசித்ததுதான் உசத்தி என்று மூன்றாவது கட்சியும் உண்டு. மெட்னருக்கு மெட்னரை வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்குத் துளியும் கூச்சமில்லை.

மூன்று பதிவுகளும் இணையத்தில் கேட்கக் கிடைக்கும். தம்பியை விட்டுத் தேடிப் போடச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, குறை வாசித்தவர்களிடமா, மெட்னரிடமா, காசு கொடுத்த மகாராஜாவிடமா என்று ஒரு வரி எழுதிப் போடவும். பெரியம்மாவுக்கு நமஸ்காரம்.