வட்டி உயர்வுக் காலப் பங்குப் பேச்சு: ஓர் இலக்கணம்

ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும் நாட்களில் நண்பர்கள் மூவரோ நால்வரோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சந்தையைப் பற்றிப் பேசுவது பங்குப் பேச்சு எனப்படும். ஒருவரே பேசினால் அது புலம்பல். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். சந்தை காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுகிறது, பேச்சு 3.30க்குப் பிறகே சூடுபிடிக்கிறது. அதற்கு முன் சொல்லும் கருத்து அன்றைக்கே பொய்யாகும் ஆபத்து இருப்பதால் அனுபவசாலிகள் வாய் திறப்பதில்லை.

இப்பேச்சின் பொற்காலம் 2022 மே 4, புதன்கிழமை தொடங்கியது. அன்று பிற்பகல் 2 மணிக்கு, கால அட்டவணையில் இல்லாத அறிவிப்பாக, அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் திரையில் தோன்றி, இரண்டு ஆண்டுகளாக 4 சதவீதத்தில் கிடந்த ரெப்போ விகிதத்தை 4.40 ஆக்கினார். வங்கிகள் அரசுக் கடன்பத்திரங்களை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கைமாற்றுக்கான வட்டியே ரெப்போ. மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அன்று 1,307 புள்ளி சரிந்தது. தொலைக்காட்சியில் வட்டி உயர்வை "40 பேசிஸ் பாயிண்ட்" என்றார்கள். சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு பேசிஸ் பாயிண்ட். சென்செக்ஸ் பாயிண்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பெஞ்சில் இரண்டும் ஒரே தராசில் ஏறின. "40 பாயிண்ட் ஏத்தினதுக்கு 1,307 பாயிண்ட் இறங்குமா மாப்ள?" என்ற கேள்விக்கு, "ஓவரா ரியாக்ட் பண்ணிடுச்சு" என்ற தீர்ப்பு அந்த டீ ஆறுவதற்குள் வந்தது.

அதே நாளில்தான் எல்ஐசியின் பங்கு வெளியீடும் திறந்தது. டிமேட் கணக்கு சைவமா அசைவமா என்று தெரியாதவர்களும் பாலிசிதாரர் என்ற உரிமையில் முதலீட்டாளர் ஆனார்கள். பங்கு 949 ரூபாய். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. 15 பங்கு கொண்ட ஒரு லாட் 13,335 ரூபாய். மே 17 அன்று மும்பைச் சந்தையில் 867 ரூபாய் 20 காசுக்குப் பட்டியலானது. லாட்டுக்கு நஷ்டம் 327 ரூபாய். இந்த 327 ரூபாயைப் பேசித் தீர்க்கக் குடித்த டீயையும் சேர்த்தால் நஷ்டம் இன்னும் கூடும்.

பங்குப் பேச்சில் மூவிடங்களும் பயின்று வரும். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. லாபம் தன்மை ஒருமையில் வரும்: "நான் 120ல தூக்கினேன், 180ல விட்டேன்." நஷ்டம் படர்க்கை அஃறிணையில் வரும்: "அது இறங்கிடுச்சு." அடுத்தவர் சொல்லி வாங்கி நஷ்டமானால் முன்னிலை: "நீதானடா சொன்னே." தன்மைப் பன்மை, நஷ்டம் வீட்டம்மாவுக்கும் தெரிந்துவிட்ட இடங்களில் மட்டுமே காணப்படும். அவ்வகை நஷ்டம் அரிது.

வினைமுற்று குறைவு, எச்சம் மிகுதி. "கொரோனா சமயத்துல மட்டும் வாங்கிப் போட்டிருந்தா..." என்று தொடங்கும் வாக்கியத்தை முடித்தவர் எவரும் இலர். 2020 மார்ச்சில் சென்செக்ஸ் 26,000க்குக் கீழே இறங்கியபோது இதே நண்பர்கள் இதே பெஞ்சில், இருந்ததையும் விற்றுவிட்டதற்காக ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதை எச்சம் மறைத்துக் கொள்கிறது. நாளை விற்கலாம் என்று வாங்கிய பங்கு இறங்கிவிட்டால் அதற்கு "லாங் டெர்ம்" என்று பெயர். இது காலவாகுபெயர்.

வினா ஆறு, விடை எட்டு என்பது நன்னூல். "இப்ப வாங்கலாமாடா?" என்பது பார்வைக்கு அறியாவினா; கேட்பவர் காலையிலேயே வாங்கிவிட்டிருப்பார், ஆகவே அறிவினா. விடைகளில் நேர்விடைக்கு இங்கே இடமில்லை. "போன தடவை நான் பட்டது போதாதா?" என்பது உற்றது உரைத்தல். "அமெரிக்க ஃபெட்டும் ஏத்துறான், இன்னும் இறங்கும்" என்பது உறுவது கூறல். "நீ வாங்கிப் பாரேன்" என்பது ஏவல் விடை. "பேசாம தங்கம் வாங்கு" என்பது இனமொழி. பென்ஷன்தாரர் ஒருவர் பெஞ்சில் இருந்தால் எந்த வினாவுக்கும் அவர் விடை எஃப்டி. 2023 ஏப்ரலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 8.2 சதவீதமாகி, உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானபோது, அவர் வினா எழும்வரை காத்திருப்பதையும் நிறுத்திவிட்டார்.

வட்டி ஏற்றத்தால் உண்மையில் அடிபடுபவர் பெஞ்சில் ஒருவர்தான்: வீட்டுக்கடன்காரர். அவர் பேசுவதில்லை. 7 சதவீத வட்டியில் 30 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை 23,259 ரூபாய். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டவை. பெரும்பாலும் அது ரெப்போ. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.50 ஆனது; மொத்த ஏற்றம் இரண்டரை சதவீதம். அவருடைய வட்டி 9.50. தொடக்கத்தில் அசல் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்பதால், மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. பழைய தவணையை ஒழுங்காகக் கட்டினாலும் கடன் குறையாது, மெல்ல வளரும். 20 ஆண்டில் முடிக்க வேண்டுமானால் மாதம் 27,964 கட்ட வேண்டும். வங்கிகள் பலருக்கும் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. 2023 ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்காரரிடமே கேட்கச் சொன்னது. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தால் இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது டீ சொல்வார். மற்றவர்கள் அதை அவர் லாபத்தில் இருப்பதன் அறிகுறியாகக் கொள்வர்.

பேச்சின் மூலவிதி "வட்டி ஏறினா மார்க்கெட் இறங்கும்" என்பது. விதியில் பிழையில்லை: கம்பெனிகளின் கடன்செலவு கூடும், வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பு குறையும், எஃப்டி பணத்தை இழுக்கும். சந்தைதான் விதியைப் படிக்கவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று ரெப்போ அரை சதவீதம் ஏறி 5.90 ஆனது, சென்செக்ஸ் அன்றே 1,016 புள்ளி ஏறியது. நவம்பர் கடைசியில் 63,000ஐத் தாண்டியது. பெஞ்ச் கலங்கவில்லை. "அதெல்லாம் மார்க்கெட் ஏற்கெனவே எதிர்பார்த்ததுதான்" என்றது.

6.50 ஆன ரெப்போ இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி அதை 6.25 ஆகக் குறைத்தது. விதிப்படி சந்தை ஏறியிருக்க வேண்டும். சென்செக்ஸ் 198 புள்ளி இறங்கியது. 3.30க்குப் பிறகு பெஞ்ச் தந்த காரணம்: "எதிர்பார்த்ததுதான்." இதில் "எதிர்பார்த்தது" வினையாலணையும் பெயர், "தான்" தேற்றம். எதிர்பார்த்தவர் யார் என்பது தோன்றா எழுவாய்.