வழக்கமான தொழில்

பெறுநர்: நிலைத்த வணிக முதுகலைப் பிரிவின் தலைவர் அவர்கள். (கல்லூரிப் பெயரைப் போடவில்லை. போட்டால் உங்களுக்கு இலவச விளம்பரம்.)

ஐயா,

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து எழுதுகிறேன். என் மகள் உங்களிடம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என்ன படிப்பு என்று திருநெல்வேலி அத்தை போனில் கேட்டபோது "சிஎஸ்ஆர்" என்றேன். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்று விரித்துச் சொல்லவில்லை. ஊரில் சிஎஸ்ஆர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகாருக்குத் தருகிற ரசீது. "யாரு மேலடா புகார்?" என்று பதறிவிட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

தாராவி 13 காம்பவுண்டில் எனக்குப் பங்கார் கடை, பழைய சாமான் வாங்கி விற்கும் கடை. போன பருவத்தில் கள ஆய்வு என்று உங்கள் மாணவர்கள் வந்தார்கள். டீ கொடுத்தேன். எங்கள் ஆள் அரைத்த பிளாஸ்டிக்கைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதப்பதையும் மூழ்குவதையும் பிரித்துக் காட்டினார். நாற்பது செல்போன்கள் படம் எடுத்தன. ஒரு பையன் இதற்குச் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் சொன்னான். இருபது வருடமாகப் பெயர் தெரியாமலே செய்திருக்கிறோம்.

அன்று இரவு மகளிடம் கேட்டேன்: "அப்ப நான் செய்றதும் சிஎஸ்ஆர்தானே?"

"வராதுப்பா" என்றாள். சட்டத்தை எடுத்துக் காட்டினாள். 2013 கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர சொத்து மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இதில் ஏதாவது ஒன்று இருந்தால், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். அந்த 5 கோடி எனக்கு இருந்தால் மகளை வைத்தா சட்டம் படிப்பேன்? அதுகூடப் பரவாயில்லை. கம்பெனி தன் வழக்கமான தொழிலில் செய்வது கணக்கில் வராதாம். தன் ஆட்களுக்குச் செய்வதும் வராதாம். ஆக, ஆட்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தால் அது வெறும் செலவு. அடுத்த தெருக்காரனுக்கு வாங்கிக் கொடுத்தால் சமூகப் பொறுப்பு.

மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் வந்து பாருங்கள், ஐயா. முழங்கால் தண்ணீரில் பாட்டில்கள் மிதந்து வரும். விற்ற கம்பெனிக்கு அது முடிந்துபோன வியாபாரம். பொறுக்குகிறவர் கொண்டுவருவார், நான் எடை போட்டுக் காசு கொடுப்பேன். சரக்கு என்னைத் தாண்டி, பதிவு பெற்ற ஆலைக்குப் போனதும் அங்கே ஒரு சான்றிதழ் பிறக்கும். 2022 பிளாஸ்டிக் கழிவு விதிப்படி, பாட்டில் விற்ற கம்பெனி அதை வாங்கி, பொறுப்பை நிறைவேற்றியதாகக் காட்டலாம். தண்ணீரில் இறங்கினவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அவர் செய்தது வழக்கமான தொழில் அல்லவா.

உங்கள் பாடத்தில் எனக்குப் பிடித்தவர் ஜான் எல்கிங்டன். லாபத்தோடு மக்களையும் பூமியையும் சேர்த்து மூன்று கணக்கு எழுதச் சொல்லி 1994இல் சொல் உருவாக்கினாராம். 2018இல் அவரே அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்று மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினாராம். தான் விற்ற சரக்கைத் தானே திரும்ப எடுக்க வந்த தயாரிப்பாளரை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.

மகளின் ஆய்வேட்டுத் தலைப்பு, 'தாராவியின் மறுசுழற்சி: ஒரு பார்வை'. நேர்காணலுக்கு என்னையே உட்கார வைத்தாள். "பதிலளிப்பவர் 7" என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள். மூன்று பிரதி, ஸ்பைரல் பைண்டிங், லேமினேட் போட்ட அட்டை வேண்டும் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி.

இந்தக் கடிதம் அதற்காகத்தான். வருடக் கடைசியில் உங்கள் அலமாரி நிறைந்ததும் பழைய ஏடுகள் எங்கள் பக்கம்தான் எடைக்கு வரும். உள்தாளுக்கு விலை கொடுத்துவிடலாம். லேமினேட் அட்டையில் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடக்கும், இரண்டுக்கும் ஆகாது. எங்களிடம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

தயவுசெய்து சாதா அட்டை போதும் என்று அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
பதிலளிப்பவர் 7